நெகிரி செம்பிலானில் ஒரு சபாநாயகர் தேர்தல்

வளைகாப்பு என்று சொல்லித்தான் தனம் என்னை மலேசியாவுக்கு வரவழைத்தாள். தனம் என் சித்தப்பா மகள். நெகிரி செம்பிலானில் கோலா பிலாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே புருஷனைப் பறிகொடுத்து, அங்கேயே மாடு வளர்க்கிறவள். "மகளுக்கு வளைகாப்புக்கா, நீங்க வந்தே ஆவணும்" என்று போனில் அழாத குறை. நானும் திருச்சியிலிருந்து அதிரசம், முறுக்கு, கண்ணாடி வளையல் என்று பெட்டியை அடைத்துக்கொண்டு, முட்டிவலியோடு போய் இறங்கினேன்.

விமான நிலையத்துக்கு வந்திருந்த மகளைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். வயிறு இருக்கிற அடையாளமே காணோம். நீலாயில் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டேன்.

"மூணு, பெரியம்மா."

மூன்றாம் மாதத்தில் வளைகாப்பு போடுகிற ஊர் உலகத்தில் எங்காவது உண்டா? "அம்மா உங்கள வேற வேலைக்குத்தான் கூப்பிட்டாங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க லா பெரியம்மா, சொன்னா அம்மா என்னைக் கொன்னுடும்" என்று, பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போட்டபடி தட்டில் மீனை வைத்தாள். நான் மீன் சாப்பிடுவதில்லை என்பதை அம்மா சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. ரசம் சாதத்தோடு வயிற்றெரிச்சலையும் சேர்த்து விழுங்கினேன்.

தோட்டம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஒரு காலத்தில் கித்தா மரம், நம் ரப்பர்தான்; இப்போது பார்க்கிற பக்கமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நடுவில் ஒரு வரிசை லயத்து வீடுகள், பன்னிரண்டு குடும்பங்கள், ஒரு அம்மன் கோயில், ஒரு பொதுக்கூடம், தனத்தின் மாட்டுக் கொட்டகை. வழியெல்லாம் கடைகளில் கொடுத்த கோப்பி என்னைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. டின் பாலை அடியில் ஊற்றி, மேலே கன்னங்கரேலென்று ஒரு கஷாயம், தித்திப்பில் பல் கூசும். தனம் தன் மாட்டுப் பாலைக் காய்ச்சி ஒரு காபி கொடுத்தாள் பாருங்கள், பாதி கோபம் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன்: "எதுக்குடி என்னை வரச்சொன்னே?"

"ஞாயித்துக்கிழம ஒரு மீட்டிங்குக்கா. அதுக்கு நீங்க தலைவரா உக்காரணும்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டெல்லியில் லோக்சபாவில் உரைபெயர்ப்பாளராக இருந்தவள் நான். தமிழ் எம்.பி. யாராவது எழுந்து பேசினால், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லுகிற வேலை. அந்தச் சபையில் லட்சக்கணக்கான வார்த்தை பேசியிருப்பேன், ஒன்றுகூட என் சொந்த வார்த்தை கிடையாது. தனம் இந்தத் தோட்டம் பூராவும் "எங்கக்கா டெல்லி பார்லிமென்ட்ல பேசுனவங்க" என்று சொல்லிவைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒருவர், "வணக்கம், ஸ்பீக்கரம்மா!" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனார். வாய் நிறைய நுரையோடு நான் என்னத்தைப் பதில் சொல்ல?

விஷயம் இதுதான். தோட்டம் கைமாறிவிட்டது. புதிதாக வாங்கியவர்கள், பன்னிரண்டு குடும்பமும் ஒன்றாகக் காலி செய்தால் செண்டாயானில் ஆளுக்கொரு ஃப்ளாட் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு குடும்பம் மாட்டேன் என்றாலும் யாருக்கும் கிடையாது, இப்போது இருக்கிறபடி லயத்திலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான். இந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று போட்டுப் பார்த்து, அதிகமான பக்கம் எல்லாரும் கட்டுப்படுவது என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். போகலாம் என்பது ஆறு வீடு. போகவேண்டாம் என்பது ஆறு வீடு. போகவேண்டாம் என்கிற கட்சிக்குத் தனம்தான் தலைவி. ஃப்ளாட்டில் மாட்டை எந்த மாடியில் கட்டுவது?

"சரி, ஓட்டுப் போட வேண்டியதுதானே? நான் எதுக்கு?"

இங்கேதான் இந்தத் தோட்டத்தின் அபார மூளை வேலை செய்கிறது. தொழிற்சங்கம் இருந்த காலத்திலிருந்து இங்கே ஒரு வழக்கம்: தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் கை தூக்கக் கூடாது. அந்த வீட்டு ஓட்டு அன்றைக்கு இல்லை. ஆறுக்கு ஆறு என்று நிற்கும்போது எவன் உட்காருகிறானோ அவன் கட்சி தோற்றது. ஆகவே மூன்று கூட்டம் கூடியிருக்கிறார்கள், மூன்றிலும் அந்த நாற்காலி காலி. "நீங்கதான் பெரியவங்க, நீங்க உக்காருங்க" என்று இவர்கள் அவர்களை உபசரிப்பது, "சேச்சே, உங்க முன்னாடி நாங்களா" என்று அவர்கள் இவர்களை உபசரிப்பது. மாலைகூட வாங்கிவைத்திருந்தார்களாம். மூன்று தடவையும் மாலை வாடியதுதான் மிச்சம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே கூத்தைப் பெரிய பெரிய நாடுகளில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். ஆளுங்கட்சிக்கு இழுபறியான பலம் இருந்தால், தன் ஆளைச் சபாநாயகர் ஆக்கி ஒரு ஓட்டை இழக்கத் தயங்கும். அதற்குத்தான் இந்த நாட்டுச் சட்டத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மலேசிய மக்களவைக்குச் சபாநாயகராக வருகிறவர் எம்.பி.யாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, எம்.பி. ஆகத் தகுதியுள்ள வெளியாளையும் கொண்டுவந்து உட்காரவைக்கலாம். துணைச் சபாநாயகர்கள் இரண்டு பேர் மட்டும் உறுப்பினர்களுக்குள்ளிருந்து வரவேண்டும். எங்கள் டெல்லியில் அந்தக் கதையே இல்லை, சபாநாயகரும் துணைச் சபாநாயகரும் உள்ளேயிருந்துதான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பார்லிமென்ட் விதியைப் படித்துவைப்பது என் வியாதி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இதைத் தனத்திடம் சொல்லித் தொலைத்தேன்.

"பாத்தீங்களா, சட்டமே சொல்லுது லா! வெளியாளு நீங்கதான்" என்றாள். நான் இந்த நாட்டில் ஓட்டே போட முடியாதவள், எனக்கு ஏதடி தகுதி என்று கத்தினேன். அவள் மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் கோலா பிலா பாசாரில், அதாவது சந்தையில், காதர் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாகூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வருஷமாக இங்கே ரொட்டி வீசுகிறவர். முதலில் அவரைத்தான் தலைவராக உட்காரக் கேட்டார்களாம். "நான் மாட்டேன்னுட்டேன்மா" என்றார். "ரெண்டு பக்கமும் இங்கதான் சாப்பிடுது. தீர்ப்பு சொன்ன மறுநாளு ஆறு வீட்டுச் சாப்பாடு எனக்குப் போயிடும். நீங்க ஏறோப்ளேன் ஏறிடுவீங்க, உங்களுக்கென்ன?" ரொட்டி சானாய் அருமையாக இருந்தது. அதோடு வந்த தேத்தண்ணியை மட்டும் குடிக்க முடியவில்லை, அதிலும் டின் பால்.

டெல்லியில் எப்படி என்று பாய்தான் ஆசையாகக் கேட்டார். சொன்னேன். புதுச் சபை கூடியதும் மூத்த உறுப்பினர் ஒருவரைத் தற்காலிகமாக உட்காரவைப்பார்கள். அவர் மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்துவைப்பார். பிறகு ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், நிற்கிறவர் சம்மதம் என்று எழுதித் தரவேண்டும். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. வந்த வரிசையில் ஒவ்வொரு பெயராக ஓட்டுக்கு விடுவார்கள், ஒன்று ஜெயித்துவிட்டால் மற்றதை எடுப்பதில்லை. ஜெயித்தவரைப் பிரதமர் ஒரு பக்கம், எதிர்க்கட்சித் தலைவர் ஒரு பக்கம் நாற்காலிவரை அழைத்துக்கொண்டு போவார்கள். அப்புறம் நீங்கள் நடுநிலை தவறாதவர் என்று எல்லாக் கட்சியும் மாறி மாறிப் புகழும். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்கு வாய் வலிக்கும். இரண்டாம் நாளே அதே வாய்கள் அதே நாற்காலியைப் பார்த்துக் கத்தும். துணைச் சபாநாயகரை எதிர்க்கட்சிக்கு விடுவது வழக்கம் என்பார்கள், சில சமயம் அந்த இடம் வருஷக்கணக்கில் காலியாகவே கிடக்கும்.

"சபாநாயகரு கோப்பி குடிக்கப் போனா?" என்றாள் தனம்.

"துணைச் சபாநாயகர் உட்காருவார். அவரும் இல்லையென்றால் அதற்கென்று சில உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் உட்காருவார். உட்கார்ந்திருக்கிறவரை அவருக்குச் சபாநாயகரின் அதிகாரம் அத்தனையும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு."

தனம் தலையை ஆட்டிக்கொண்டாள். பாய் பில்லில் என் தேத்தண்ணியைச் சேர்க்கவில்லை.

போகலாம் என்கிற எதிர்க்கட்சியின் தலைவர் மாணிக்கத்தை அதற்கடுத்த நாள் பார்த்தேன். லாரி ஓட்டி ஓய்ந்தவர், தனத்துக்கு அண்ணன் முறை. அவர் மனைவி பாக்கியத்துக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். செண்டாயான் என்றால் பக்கம். இங்கிருந்து என்றால் புக்கிட் புத்துஸ் மலை ஏறி இறங்க வேண்டும். "நீங்களும் ஒரு நாளு வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டார். ஓட்டு வேட்டைதான், எனக்குத் தெரியாதா? கை தூக்காத வழக்கம் தோட்டத்து ஆளுக்குத்தான், வெளியாள் தலைவர் என்றால் சமமாக வரும்போது ஒரு ஓட்டுப் போடுவார் என்று இரண்டு பக்கமும் என் மேல் கண் வைத்திருந்தார்கள். இருந்தாலும் போனேன்.

வேனில் ஏறினால் பின் ஸீட்டில் தனம் உட்கார்ந்திருக்கிறாள்! மடியில் தலையணை, பக்கத்தில் பிளாஸ்க்கு. பாக்கியத்தை ஒரு நாளும் தனியாக அனுப்பியதில்லையாம், விடியலில் பால் கறந்துவிட்டு ஓடிவந்துவிடுவாளாம். சண்டை மாணிக்கத்தோடு மட்டும். மூன்று வாரமாக இருவருக்கும் நேர்ப் பேச்சு இல்லை.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர வளைவுல மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

"பாக்கியம், மெதுவாத்தான் ஓட்டறேன்னு சொல்லு அதுகிட்ட."

"நடுவுல நான் என்னா ரேடியோவா?" என்று முனகினாள் பாக்கியம், கண்ணைத் திறக்காமலே. பார்லிமென்டிலும் உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் நேரே பேசக்கூடாது, சபாநாயகரைப் பார்த்துத்தான் பேசவேண்டும். அந்தக் கணக்கில் இவர்கள் விதி தவறாதவர்கள்தான்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, அந்தப் பொம்பளை நாலு மணிநேரம் மெஷினில் கிடந்து, துவைத்துப் பிழிந்த துணியாக வந்துகொண்டிருக்கும்போது, மலைமேல் வேன் நின்றுவிட்டது. முன்பக்கமிருந்து புஸ்ஸென்று ஆவி. வெயிலா, சொல்லி மாளாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டி டயரை ஓர் உதை விட்டேன், முட்டிதான் வலித்தது. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மோட்டாரில் வந்த மலாய்க்காரர் ஒருவர் நிறுத்தி, என்னைப் பார்த்து என்னமோ சொல்லிச் சிரித்தார். "பெரியம்மா கோபப்பட வேண்டாம், வண்டிக்குத் தாகம், அவ்வளவுதான்னு சொல்றாரு" என்றார் மாணிக்கம். காலம்போன காலத்தில் எனக்கே ஒரு உரைபெயர்ப்பாளர். அந்த மனிதர் எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, குழாய்க்கு ஒரு கட்டுப் போட்டுவிட்டுக் காசு வாங்காமல் போனார்.

அதுவரை பாக்கியம் ரோட்டோரம் தனத்தின் மடியில் கிடந்தாள். இரண்டு தடவை வாந்தி. தனம் தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். "சரியாயிடும் லா அண்ணி, இதோ வந்துட்டோம் லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாணிக்கம் தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "ஏன்டி, அவளை இப்படிப் பார்த்துக்கிறியே, பேசாம ஃப்ளாட்டுக்குப் போகலாம்னு சொன்னா என்ன?"

தனம் என்னைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இளஞ்சினையாக இருந்த செவலைப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு போனப்புறம் என்னைக் காப்பாத்துனது இதுங்கதான்க்கா. இதுங்கள அனுப்பறதுக்கு என் கை மேல போவாது. வெட்டிப் போட்டாலும் போவாது" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். 

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூடத்தில் விசிறி ஒரு பக்கம் சுற்ற, மறு பக்கம் புழுங்கியது. மாணிக்கம் முன்மொழிந்தார், தனம் வழிமொழிந்தாள், மூன்று கூட்டமாக வாடிய மாலைக்குப் பதில் புது மாலை ஒன்று என் கழுத்தில் விழுந்தது. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதில் உட்கார்ந்து, என் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சபைக்கு முன்னால் சொந்தமாக நாலு வார்த்தை பேசினேன்.

"உங்கள் நாட்டு மக்களவையில் வெளியிலிருந்து வந்த சபாநாயகருக்கு, ஓட்டு சமமாக வந்தால்கூட ஓட்டு கிடையாது. நானும் வெளியாள். சமமாக வந்தால் தீர்மானம் நிறைவேறவில்லை என்று அறிவிப்பேன். அவ்வளவுதான் என் வேலை. சம்மதம் என்றால் இருக்கிறேன், இல்லையென்றால் மாலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

பின்வரிசையிலிருந்து, "அப்ப எதுக்கும்மா டெல்லியிலேர்ந்து வந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாணிக்கம் தன் கட்சிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா. இதுக்கு மேல நாற்காலிக்கு யாரத் தேடறது" என்றார்.

நான் எதிர்பார்த்த கூச்சல் எதுவும் இல்லை. செண்டாயான் ஃப்ளாட்டுக்குப் போவது என்கிற தீர்மானத்தைப் படித்தேன். போகலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னேன், ஆறு. வேண்டாம் என்பவர்கள் தூக்கச் சொன்னேன், ஆறு. தனத்தின் கை முதலில் போனது, நேராக, ஆணி அடித்த மாதிரி. மாணிக்கம் எழுந்தார். சுவரோரம் சாய்வு நாற்காலியில் கிடந்த பாக்கியத்திடம் போய், செருப்பை எடுத்து அவள் காலில் மாட்ட ஆரம்பித்தார். வீங்கின கால். செருப்பு நுழையவில்லை.

நான் முடிவை அறிவிக்க வாயைத் திறந்தேன்.

"அக்கா, இருங்க." தனம் எழுந்து நின்றாள். "நீங்க இன்னைக்குக் காபி குடிக்கலயே."

"இப்போ அதுவா முக்கியம்? உட்காருடி."

"ஸ்பீக்கரு காபி குடிக்கப் போனா உறுப்பினரு ஒருத்தரு உக்காரலாம்னு நீங்கதானே சொன்னீங்க? பின்னால பிளாஸ்க்குல இருக்கு. போய்க் குடிங்க."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. இந்த நேரத்தில் என்ன விளையாட்டு என்று கோபம்தான் வந்தது. அவள் மேடைக்கே வந்து என் கையைப் பிடித்து எழுப்பினாள். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். குட்டைக் கால் நாற்காலியில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் மடிக்குக் கீழே, தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூடத்துக்கும் புரிந்தது. அவள் கட்சிக்காரர் ஒருவர், "தனம், நீ என்னா பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?" என்று கத்தினார்.

"தலைவரப் பாத்து மரியாதையாப் பேசுங்க" என்றாள். குரல் கிழிந்திருந்தது. "முடிவு இன்னும் சொல்லல. மறுபடி எண்ணுவோம். போலாங்கறவங்க?"

ஆறு கைகள் வெகு மெதுவாக எழுந்தன.

"வேணாங்கறவங்க?"

ஐந்து.

"தீர்மானம் நிறைவேறுச்சு" என்றாள். நான் வாசலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். பார்லிமென்டில் எத்தனையோ தீர்மானம் நிறைவேறிப் பார்த்தவள், ஒருநாளும் கண் கலங்கியதில்லை. செவலையின் பால் போட்ட காபி கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

யாரும் எழுந்து போகவில்லை. கைதட்டலும் இல்லை. கொட்டகைப் பக்கமிருந்து செவலை கத்தியது, கறக்கிற நேரம். தனம் எழுந்திருக்கப் பார்த்தாள், நாற்காலி ஆட்டம் கொடுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. மாணிக்கம் செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தார். இன்னொரு கையை நான் போய்ப் பிடித்தேன். டெல்லியில் நாற்காலிக்கு ஏற்றிவிடத்தான் இரண்டு பக்கமும் ஆள் வரும். இறக்கிவிட யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

மேடையை விட்டு இறங்கியும் மாணிக்கம் கையை விடவில்லை.  பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார், எப்போதும்போல அவள் வழியாகச் சொல்லலாம் என்று நினைத்தாரோ என்னவோ. பாக்கியமும் அழுதுகொண்டிருந்தாள்.

தனம் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"விடுங்கண்ணே," என்றாள், "மாடு காத்துக்கிட்டிருக்கு."